ஊருக்கு வைத்தியம் பார்ப்பவர் யார்?

ஒரு சின்ன ஊர். ஊரின் நடுவே ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நல்ல டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்று குழந்தைகளுக்கும் வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. நாக்கு வறண்டுவிட்டது. டாக்டர் பதறவில்லை. உடனே சலைன் ஏற்றுகிறார். மாலைக்குள் மூன்று குழந்தைகளும் கண் விழித்துப் பார்க்கின்றன. தாய்மார்கள் கை எடுத்துக் கும்பிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வருகிறார்கள். புதன்கிழமை பதினைந்து பேர். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள். டாக்டருக்கு இரவும் பகலும் தூக்கம் இல்லை. ஆனாலும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஏன்?

வந்தவர்கள் எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். அந்தத் தெருவின் குடிதண்ணீர்க் குழாய் ஒரு சாக்கடையை ஒட்டிப் போகிறது. குழாயில் ஓர் ஓட்டை. சாக்கடை நீர் அதற்குள் கசிகிறது. ஆஸ்பத்திரியில் பிழைத்த குழந்தை வீட்டுக்குப் போகிறது. தாகம் என்கிறது. தாய் அதே குழாயில் பிடித்த தண்ணீரைக் கொடுக்கிறாள்!

இது கற்பனை ஊர்தான். ஆனால் இப்படிப்பட்ட தெருக்கள் கற்பனை அல்ல.

டாக்டர் மீது குற்றம் இல்லை. அவருடைய வேலை ஆஸ்பத்திரிக்குள்ளே. தெருவுக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, குழாயை மூடச் சொல்வது வேறு ஒருவருடைய வேலை. அந்த ஒருவர் யார்? அவருக்கு அந்த வேலை தெரியுமா? அதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டு தொழில்கள்

நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது ஒரு தொழில். ஊருக்கு வைத்தியம் பார்ப்பது இன்னொரு தொழில். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

முதல் தொழிலில் நோயாளி டாக்டரைத் தேடி வருகிறார். இரண்டாவது தொழிலில் அதிகாரி நோயைத் தேடிப் போக வேண்டும்.

முதல் தொழிலுக்குக் கருவி, ஊசியும் மருந்தும். இரண்டாவது தொழிலுக்குக் கருவி, கணக்கும் கேள்வியும் நடந்து தேய்ந்த செருப்பும்.

முதல் தொழிலில் வெற்றி கண்ணுக்குத் தெரியும். சாகக் கிடந்தவர் எழுந்து நடப்பார். இரண்டாவது தொழிலில் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. நோய் வராமல் தப்பிய குழந்தையின் தாய் யாரையும் கும்பிடப் போவதில்லை. தன் குழந்தை தப்பியது என்பதே அவளுக்குத் தெரியாது!

அதனால்தான் இந்த இரண்டாவது தொழிலுக்கு மதிப்புக் குறைவு. மதிப்புக் குறைவானதால் பயிற்சியும் குறைவு. மருந்து கொடுக்கத் தெரிந்தவருக்கு மாவட்டத்தைக் காக்கவும் தெரியும் என்று எண்ணி, வயதில் மூத்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

லண்டன் பம்பு

இரண்டாவது தொழில் எப்படிப்பட்டது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு.

1854-ம் ஆண்டு. லண்டன் மாநகரில் சோகோ என்ற பகுதி. ஆகஸ்டு மாதக் கடைசியில் அங்கே காலரா வந்தது. பத்தே நாளில் சுமார் 500 பேர் மாண்டார்கள். கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள்.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் நம்பவில்லை. அவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போனார். "எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில். பிராட் தெருப் பம்பு!

அதோடு அவர் நிற்கவில்லை. நோய் வராதவர்களையும் விசாரித்தார். பக்கத்தில் ஓர் ஏழைகள் விடுதி இருந்தது. அங்கே 500 பேருக்கு மேல் இருந்தும் சாவு மிகக் குறைவு. காரணம், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு. அதே தெருவில் பீர் தயாரிக்கும் ஆலை ஒன்று. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்பு தண்ணீரைத் தொடவே இல்லை.

தூரத்தில் உள்ள ஹாம்ஸ்டெட்டில் மட்டும் ஒரு விதவை காலராவில் இறந்திருந்தார். இது எப்படி? அந்த அம்மாளுக்குப் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடிக்குமாம். ஆள் அனுப்பித் தருவித்துக் குடித்திருக்கிறார்!

செப்டம்பர் 7-ந் தேதி ஸ்நோ அந்தப் பகுதியின் நிர்வாகிகளிடம் போய்த் தம் கணக்கைச் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பலர் முன்பே வீட்டைக் காலி செய்து ஓடிவிட்டதால், கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நோய் குறையத் தொடங்கியிருந்தது. ஸ்நோ இதை மறைக்கவில்லை. தாமே எழுதி வைத்தார். உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும் இந்தத் தொழிலின் ஒரு பாடம்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தது 1884-ம் ஆண்டில்தான். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, கிருமியைக் காணாமலே, ஒருவர் வழியைக் கண்டுவிட்டார்.

1939-ல் வந்த சட்டம்

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெருமை உண்டு. ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில், 1939-ம் ஆண்டில், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டு வந்தது. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான்.

தொற்றுநோய் வந்தால் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும், சந்தேகப்பட்ட கிணற்றை மூடலாம், கெட்டுப்போன உணவை அழிக்கலாம் என்று அந்தச் சட்டம் சுகாதார அதிகாரியின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. லண்டனில் ஸ்நோ கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்ததை, இங்கே அதிகாரி சட்டப்படி செய்யலாம்.

இன்னொரு நல்ல காரியமும் இங்கே நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டன. தமிழ்நாடு சேர்க்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் வைத்துக்கொண்டது. சுகாதார அதிகாரியாக வருகிறவர் டாக்டராக இருந்தால் மட்டும் போதாது, பொதுச் சுகாதாரமும் படித்திருக்க வேண்டும் என்ற வழக்கமும் நிலைத்தது.

அதன் பலன் 2004-ம் ஆண்டில் தெரிந்தது. டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். வீடு இழந்தவர்கள் முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். கிணறுகளில் உப்பு நீர் புகுந்துவிட்டது. அடுத்துத் தொற்றுநோய் வரும், இரண்டாவது சாவு தொடங்கும் என்று எல்லோரும் அஞ்சினார்கள்.

வரவில்லை! வெளி மாவட்டங்களிலிருந்தும் சுகாதாரக் குழுக்கள் வந்து இறங்கின. தண்ணீரில் குளோரின் கலந்தார்கள். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். யாருக்குப் பேதி, யாருக்குக் காய்ச்சல் என்று முகாம் முகாமாகக் கணக்கெடுத்தார்கள். பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதுதான் ரகசியம்.

எட்டு போட்டுக் காட்ட வேண்டும்

அப்படியானால் ஒரு பட்டயம் வாங்கிவிட்டால் போதுமா? போதாது.

மோட்டார் சைக்கிள் லைசென்சு வாங்கப் போகிறவர்களைப் பாருங்கள். "மோட்டார் சைக்கிளைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருக்கிறேன்" என்று சொன்னால் லைசென்சு கிடைக்குமா? கிடைக்காது. வண்டியில் ஏறி உட்கார வேண்டும். கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் லைசென்சு.

ஒரு தெருவில் ஒரு வண்டி ஓட்டுவதற்கே இத்தனை சோதனை! பல லட்சம் பேர் வாழும் மாவட்டத்தின் ஆரோக்கியத்தை ஓட்டப் போகிறவருக்கு மூன்று மணி நேரப் பரீட்சை மட்டும் போதும் என்றால் அது என்ன நியாயம்?

இங்கேதான் புதிய முறை ஒன்று வருகிறது. அதற்குத் திறன்வழிப் பயிற்சி என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. "என்ன படித்தாய்? எத்தனை வருஷம் படித்தாய்?" என்று இந்த முறை கேட்பதில்லை. "என்ன செய்யத் தெரியும்? செய்து காட்டு" என்று கேட்கிறது.

முதலில் அந்தப் பதவிக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு திறமையையும் நிஜமான வேலையில், நிஜமான ஊரில் பழக்குகிறார்கள். அனுபவசாலி ஒருவர் கூட இருந்து திருத்துகிறார். செய்து காட்டிய பிறகே தேர்ச்சி.

ஓட்டைச் செருப்பு

இந்த முறையை அமெரிக்கா 1951-ம் ஆண்டிலேயே தொடங்கியது. அப்போது கொரியாவில் யுத்தம். எதிரிகள் நோய்க்கிருமிகளை ஆயுதமாக ஏவி விடுவார்களோ என்ற பயம். அலெக்சாண்டர் லாங்முயர் என்ற டாக்டர், நோய்களைத் துப்பறியும் இளைஞர் படை ஒன்றை அமைத்தார். இரண்டு ஆண்டுப் பயிற்சி. வகுப்பு சில வாரம்தான். மீதி நாள் எல்லாம் ஊர் ஊராக வேலை. அந்தப் படையின் சின்னம் என்ன தெரியுமா? ஓட்டை விழுந்த செருப்பின் அடிப்பாகம்!

1955-ம் ஆண்டில் அந்தப் படைக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. இளம்பிள்ளைவாதத்துக்குப் புதிதாக ஊசி வந்திருந்தது. ஊசி போட்ட சில குழந்தைகளுக்கே கை கால் விழுந்தது. நாடே நடுங்கியது. ஊசியையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

நோயைக் கணக்கெடுப்பவர்கள் ஒவ்வொரு குழந்தையாக விசாரித்தார்கள். எந்தக் கம்பெனி மருந்து? எந்தக் கையில் ஊசி? எந்தக் கை விழுந்தது? பெரும்பாலான கேடு ஒரே கம்பெனியின் மருந்தினால் என்று தெரிந்தது. அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. ஊசித் திட்டம் பிழைத்தது. அன்று கணக்கெடுக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால், நல்ல மருந்தும் கெட்ட மருந்தோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

எரியும் வீட்டில் தண்ணீர் ஊற்று

அந்தப் படையில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் வில்லியம் ஃபோகி. 1966-ம் ஆண்டின் கடைசியில் அவர் ஆப்பிரிக்காவில், கிழக்கு நைஜீரியாவில் இருந்தார். அங்கே பெரியம்மை கிளம்பியது. எல்லோருக்கும் அம்மை குத்த மருந்து போதவில்லை.

என்ன செய்வது? அவர் தேசப்படத்தை விரித்தார். அந்த வட்டாரத்துப் பாதிரிமார்களோடு ரேடியோ மூலம் பேசினார். ஆள் அனுப்பி, எந்தக் கிராமத்தில் பெரியம்மை உண்டு என்று அறிந்து சொல்லும்படி கேட்டார். நோய் உள்ள கிராமங்கள், அங்கிருந்து ஜனங்கள் சந்தைக்குப் போகும் ஊர்கள், இவற்றில் மட்டும் அம்மை குத்தினார். நோய் அடங்கியது.

பிறகு அதே முறை இந்தியாவுக்கும் வந்தது. 1974-ம் ஆண்டில் பீகாரில் பெரியம்மை தலைவிரித்தாடியது. இந்த முறை பலிக்கவில்லை, பழையபடி எல்லோருக்கும் அம்மை குத்துவோம் என்று மாநில மந்திரி சொல்லிவிட்டார். கூட்டத்தில் இருந்த ஓர் இந்திய டாக்டர் எழுந்தார். தாம் கிராமத்தான் என்றார். தம் ஊரில் ஒரு வீடு பற்றி எரிந்தால், எரியும் வீட்டில்தான் தண்ணீரை ஊற்றுவார்கள், ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் ஊற்ற மாட்டார்கள் என்று சொன்னார். மந்திரி மனம் மாறினார். இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். ஃபோகி தம் புத்தகத்தில் எழுதியிருக்கும் சம்பவம் இது.

1975-ம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ம் ஆண்டில் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜெயித்தது எது? மருந்து அல்ல. மருந்து எல்லோரிடமும் இருந்தது. எங்கே முதலில் போக வேண்டும் என்று தெரிந்த அறிவும், மந்திரிக்கும் புரியும்படி எடுத்துச் சொன்ன பேச்சுமே ஜெயித்தன. இவையும் திறமைகள்தாம். இவற்றையும் பழக்க முடியும்.

சென்னையில் ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் பயிற்சிக்காக நம் நாட்டு டாக்டர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. 2001-ம் ஆண்டு முதல் சென்னையிலேயே நடக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதை நடத்துகிறது. சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் அந்த நிறுவனம் இருக்கிறது. டெல்லியிலும் 2012-ம் ஆண்டில் இதே மாதிரியான பயிற்சி தொடங்கியது.

முழுப் பயிற்சி இரண்டு ஆண்டு. அதில் வகுப்பறையில் இருப்பது ஏறக்குறைய கால் பங்கு. முக்கால் பங்கு களத்தில். அங்கே அவர் செய்து காட்ட வேண்டிய காரியங்கள் உண்டு.

நோய் கிளம்பிய இடத்துக்குப் போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாவட்டத்தின் நோய்க் கணக்குச் சரியாக எடுக்கப்படுகிறதா என்று சோதிக்க வேண்டும். கண்டதை மேலதிகாரிக்கும் மற்ற நிபுணர்களுக்கும் தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும்.

இந்த முறையில் மூன்று மாதக் குறுகிய பயிற்சியும் உண்டு. அது களத்தில் முதல் வரிசையில் நிற்பவர்களுக்கு.

ஊர்த்தலைவருக்கு ஆறு திறமைகள்

இப்படிப் பயிற்சி பெறும் சுகாதாரத் தலைவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அறிஞர்கள் நீண்ட பட்டியல் போடுகிறார்கள். சுருக்கிச் சொன்னால் ஆறு.

ஒன்று, எண்ணத் தெரிய வேண்டும். போன வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல், இந்த வாரம் எத்தனை பேர் என்று தெரியாதவருக்கு ஆபத்து வருவது தெரியாது.

இரண்டு, கேட்கத் தெரிய வேண்டும். மிரட்டினால் ஜனங்கள் மறைப்பார்கள். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று, துணியத் தெரிய வேண்டும். எல்லாச் சோதனை முடிவும் வரட்டும் என்று காத்திருந்தால் ஊர் காலியாகிவிடும். கிடைத்த சாட்சியத்தைக் கொண்டு குழாயை மூடும் தைரியம் வேண்டும்.

நான்கு, பேசத் தெரிய வேண்டும். நோய் வந்ததை மறைத்தால் வதந்தி பிறக்கும். உண்மையை எளிய வார்த்தையில் சொன்னால் ஜனங்கள் ஒத்துழைப்பார்கள்.

ஐந்து, சேர்ந்து வேலை செய்யத் தெரிய வேண்டும். குழாய் ஒரு துறை. சாக்கடை ஒரு துறை. பள்ளிக்கூடம் ஒரு துறை. நோய்க்கு இந்தத் துறை எல்லாம் தெரியாது. அது எல்லா இடத்திலும் புகும். அதிகாரியும் எல்லாக் கதவையும் தட்ட வேண்டும்.

ஆறு, கணக்கு வழக்குத் தெரிய வேண்டும். பணமும் மருந்தும் ஆளும் கொஞ்சம். அதை எங்கே முதலில் அனுப்புவது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. எரியும் வீட்டில் ஊற்று என்ற பாடம் இதுதான்.

இந்த ஆறும் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் படித்தால் மட்டும் வராது. நீச்சல் போல. தண்ணீரில் இறங்கினால்தான் வரும்.

சிலர் சொல்லும் தடைகள்

"டாக்டருக்கே பற்றாக்குறை. இருப்பவர்களையும் பயிற்சிக்கு அனுப்பினால் ஆஸ்பத்திரியை யார் பார்ப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பயிற்சியில் பெரும்பகுதி களத்திலேயே நடக்கிறது. படிக்கும்போதே ஊருக்கு உழைக்கிறார். மேலும், ஓட்டைக் குழாய் ஒன்றை மூடினால் எத்தனை கட்டில் மிச்சம்! பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் இந்தத் திறமை மிக அவசியம்.

"இருபது வருஷ அனுபவம் போதாதா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

அனுபவம் நல்ல ஆசான்தான். ஆனால் அந்த ஆசான் முதலில் தண்டனை கொடுத்துவிட்டுப் பிறகுதான் பாடம் சொல்லித் தருகிறார். இங்கே தண்டனை அதிகாரிக்கு அல்ல. தெருவில் உள்ள குழந்தைக்கு. தவறைப் பயிற்சியில் செய்து, ஆசிரியரிடம் திருத்திக்கொள்வது மேல்.

மூன்றாவது தடை கொஞ்சம் பலமானது. "திறமைப் பட்டியலும் கடைசியில் வெறும் காகிதமாகிவிடும். கட்டத்தில் டிக் அடித்துத் தேறிவிட்டார் என்று அனுப்பிவிடுவார்கள்" என்கிறார்கள்.

இது நடக்கக்கூடியது. எந்த நல்ல முறையையும் காகிதமாக்கிவிடும் சாமர்த்தியம் மனிதர்களுக்கு உண்டு. இதைத் தடுக்க ஒரே வழி, கூட நடந்து வரும் ஆசிரியர். மாணவர் விசாரித்த அதே தெருவில் தாமும் நடந்து பார்க்கும் ஆசிரியர். அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில் பட்டியலால் பயன் இல்லை. ஆகவே மாணவர்களைத் தேடுவதற்கு முன்னால், ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

1946-ம் ஆண்டில் போர் கமிட்டி தன் அறிக்கையில், நோயைத் தடுக்கும் கல்வி டாக்டர்களுக்கு வேண்டும் என்று வற்புறுத்தியது. 2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதாரத்துக்குத் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்றது. 2022-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அதற்கு வழிகாட்டுக் குறிப்பும் வெளியிட்டது. சொல்லுக்குக் குறைவில்லை. செயல்தான் வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பயிற்சி பெற்று, களத்தில் செய்து காட்டாத யாரையும் மாவட்டத்தின் சுகாதாரத் தலைவராக்கக் கூடாது. மூப்பு ஒரு தகுதியாக இருக்கலாம். அதுவே முழுத் தகுதி ஆகாது.

பயிற்சி பெற்றவரை வேறு மேஜைக்கு மாற்றக் கூடாது. இரண்டு ஆண்டு பழக்கி, மூன்றாம் ஆண்டு ஆஸ்பத்திரிக் கணக்கு எழுத அனுப்பினால் அது பொதுப் பணத்துக்குக் கேடு.

பயிற்சி அதிகாரியோடு நின்றுவிடக் கூடாது. சுகாதார இன்ஸ்பெக்டர், கிராமச் செவிலியர் ஆகியோருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பயிற்சி வேண்டும். நோயின் முதல் செய்தி அவர்கள் காதில்தான் விழுகிறது.

குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் பேதியோ காய்ச்சலோ வந்தால், அது சொந்த விஷயம் என்று மூடி வைக்கக் கூடாது. பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். லண்டன் டாக்டருக்கு அன்று வீடுதோறும் பதில் கிடைத்தது. பதில் சொன்ன குடும்பங்கள் இல்லாவிட்டால் அந்தப் பம்பு பிடிபட்டிருக்காது.

மறுபடியும் அந்த ஊர்

இப்போது அந்தச் சின்ன ஊருக்குத் திரும்புவோம். அதே திங்கட்கிழமை. அதே மூன்று குழந்தைகள். ஆனால் இந்தத் தடவை ஊருக்குப் பயிற்சி பெற்ற சுகாதார அதிகாரி இருக்கிறார்.

மாலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் செய்தி போகிறது. மூன்று குழந்தைகள், ஒரே தெரு. அவருக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை விடியும்போது அவர் தெருவில் இருக்கிறார். முதல் வீட்டில் கேட்கிறார். "அம்மா, தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?"

பத்து மணிக்குக் குழாய் மூடப்படுகிறது. லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. வீடு வீடாக உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுக்கிறார்கள். காய்ச்சிய தண்ணீரையே குடியுங்கள் என்று சொல்கிறார்கள்.

புதன்கிழமை இன்னும் இரண்டு மூன்று பேர் வரலாம். அவர்கள் முன்பே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். அதற்குப் பிறகு வருகை குறைகிறது. சில நாளில் நின்றுவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் காலி. டாக்டர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். தெருவில் குழந்தைகள் விளையாடுகின்றன. அவற்றில் எந்தக் குழந்தை தப்பிய குழந்தை என்று யாருக்கும் தெரியாது. அந்த அதிகாரிக்கும் தெரியாது.

யாரும் அவருக்கு மாலை போடப் போவதில்லை. மாலை வேண்டாம். அந்த நாற்காலியில் அந்த வேலை தெரிந்தவர் இருந்தால் போதும். அப்படிப்பட்டவரை உருவாக்கி உட்கார வைப்பது சர்க்காரின் கடமை. "எங்கள் ஊருக்கு வைத்தியம் பார்ப்பவர் யார்?" என்று கேட்பது ஜனங்களின் உரிமை!